மாமாவின் ரோலக்ஸ்: ஓவராயில் செய்வதா, பூட்டி வைப்பதா, விற்பதா?

"மருமவனே, நம்ம வாட்ச் வாரத்துக்குப் பத்து நிமிஷம் பின்னால போவுது. ரிப்பேர் பண்ணி வித்துரலாமாடே?"

தூத்துக்குடியிலிருந்து தாய்மாமா போனில் கேட்டார். 'நம்ம வாட்ச்' என்றால் ரோலக்ஸ் டேட்ஜஸ்ட். 1994-ல் அவர் வேலை பார்த்த கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது, அத்தை வளையலுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் வாங்கியது. அத்தை அதை இன்னும் மறக்கவில்லை. 36 மில்லிமீட்டர் கேஸ், நடுவில் தங்கமும் ஓரத்தில் ஸ்டீலுமாக ஜூபிலி செயின், ஷாம்பெயின் நிற டயல். இன்ஜின் ரூம் சூடு, உப்புக்காற்று, தினக் குளியல், இரண்டு கல்யாணம், ஒரு பைபாஸ் ஆபரேஷன் என்று 30 வருஷம் அது அவர் கையிலேயே இருந்தது. இத்தனைக்கும் மெக்கானிக் அதைத் திறந்தது ஒரே ஒரு தடவை.

இதே கேள்வியை வேறு வேறு வாட்சோடு பலர் என்னிடம் கேட்கிறார்கள். அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ரேடோ, தாத்தாவின் ஒமேகா, ரிட்டயர்மென்ட் அன்று கிடைத்த டிஸ்ஸாட். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமாவின் கேள்வியில் 'ரிப்பேர் பண்ணி வித்துரலாமா' என்று ஒட்டிக்கொண்டு வந்த அந்த இரண்டையும் பிரித்துவிடுங்கள். விற்கப் போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் ரிப்பேர் செய்யக் கூடாது. ரிப்பேர் செய்தால் அது கட்டிக்கொள்வதற்காக இருக்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தவர்களில் பலர் பணத்தை இழந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். ஏன் என்பதற்குக் கணக்கு கீழே வருகிறது.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

உள்ளே ஓடும் மெஷின். செலவைத் தீர்மானிப்பதில் டயலில் இருக்கும் பெயரைவிட மெஷினுக்குத்தான் பங்கு அதிகம். வளைகுடாவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த ரேடோக்களிலும் டிஸ்ஸாட்களிலும் பெரும்பாலும் ஈடிஏ போன்ற நிறுவனங்கள் பல பிராண்டுகளுக்கும் செய்து தரும் பொது மெஷின்கள்தான். கைதேர்ந்த மெக்கானிக் யாரும் திறப்பார், பாகமும் எப்படியாவது கிடைத்துவிடும். ரோலக்ஸ் தன் மெஷினைத் தானே செய்கிறது. வெளிக்கடைகளுக்குப் பாகத்தை எளிதில் விடுவதில்லை. ஒமேகா, லாஞ்சின், டிஸ்ஸாட், ரேடோ எல்லாம் ஸ்வாட்ச் குழுமத்தின் பிராண்டுகள். அந்தக் குழுமமும் 2016 முதல் தன் அங்கீகாரம் பெறாத பட்டறைகளுக்குப் பாகம் தருவதை நிறுத்திக்கொண்டது. அதனால் 'என் மெக்கானிக் எல்லாம் பார்ப்பார்' என்று சொல்லும்போது, அவர் கைத்திறமையோடு அவர் மேஜை டிராயரில் என்ன பாகம் கிடக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் என்றால் கணக்கே வேறு. கார்ட்டியே ஆகட்டும், ஒமேகா ஆகட்டும், நின்றுபோன வாட்சில் பழைய செல்லை விட்டுவைத்தால் அது கசிந்து சர்க்யூட்டைத் தின்றுவிடும். என்ன முடிவெடுத்தாலும் சரி, முதலில் அந்த செல்லைக் கழற்றுங்கள்.

இன்றைய நிலை. 'ஓடுது', 'ஓடல' என்பதெல்லாம் நிலை ஆகாது. வாட்ச் மெக்கானிக்கிடம் டைம்கிராஃபர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கும். அதன் மைக்கில் வாட்சை வைத்தால் டிக்டிக் சத்தத்தைக் கேட்டே சில நொடிகளில் எண்களைக் காட்டும். நாளைக்கு எத்தனை நொடி முன்பின் போகிறது என்பது ஒரு எண். நேரத்தை அளக்க ஊசல் போல் ஆடும் பேலன்ஸ் வீல் எவ்வளவு தூரம் வீசி ஆடுகிறது என்பது இன்னொன்று. முழுச் சாவியில், படுத்த நிலையில், நல்ல மெஷின் 270 முதல் 310 டிகிரி வரை வீசும். மாமாவின் வாட்ச் காட்டியது 188. எண்ணெய் காய்ந்து, பல் சக்கரங்கள் வறட்டு உலோகமாக உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்குப் பல கடைகளில் காசே வாங்குவதில்லை.

அதற்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். வாட்ச் திடீரென்று *முன்னால்* ஓட ஆரம்பித்தால் அது காந்தம் ஏறியதாக இருக்கலாம். போன் கவர், ஸ்பீக்கர், லேப்டாப் மூடி எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. காந்தம் எடுப்பது ஒரு நிமிஷ வேலை. அதற்காக ஓவராயில், அதாவது மெஷினை முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடும் வேலைக்கு, எஸ்டிமேட் வாங்கி வந்து கவலைப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

எவ்வளவு அசல். டயல், முள், பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்), சாவி, கண்ணாடி, செயின் இவற்றில் எத்தனை வாங்கும்போது இருந்தவை? நம் நாட்டில் 60, 70-களின் ஒமேகாக்களும் ஃபேவர் லூபாக்களும் டயல் மங்கியதும் புதுப் பெயின்ட் அடிக்கப்பட்டு வந்தவை ஏராளம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்கு 'பம்பாய் ஸ்பெஷல்' என்றே கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பளபளவென்று புது டயலோடு நிற்கும் 1968 வாட்சைப் பார்த்தால் வாங்க வந்தவர் மகிழ மாட்டார், விலையைக் குறைப்பார்.

மாமாவுக்கு ஒரு சந்தேகம்: "ராத்திரி முள்ளு ஒளிரவே மாட்டேங்கு. டயல் போயிட்டோ?" போகவில்லை. 1998 வாக்கு வரை இந்த வாட்சுகளில் ஒளிப்பொருளாக ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. டயலின் அடியில் 'ஸ்விஸ் மேட்' என்பதற்கு இரு புறமும் பொடி எழுத்தில் ஒரு 'டி' இருந்தால் அதுதான் அடையாளம். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 ஆண்டு. 30 ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஒளி போனது பழுதில் சேராது, வயதில் சேரும். அந்த மங்கிய புள்ளிகள் அப்படியே இருப்பதுதான் அசல் என்பதற்குச் சாட்சி. இதுவே 1960-க்கு முந்தைய வாட்ச் என்றால் அது ரேடியமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அதை வீட்டில் திறந்து சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

கையில் இருக்கும் காகிதம். பில், கேரன்டி அட்டை, பெட்டி, பழைய சர்வீஸ் ரசீது. மாமாவின் காலத்து ரோலக்ஸில் சீரியல் எண் செயினுக்குப் பின்னால், 6 மணிப் பக்கம் கேஸில் வெட்டியிருக்கும். மாடல் எண் 12 மணிப் பக்கம். செயினைக் கழற்றினால்தான் தெரியும். அட்டையில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அத்தையின் புடவை பீரோவில் அந்த அட்டை கிடைத்தது. வளையல் பணம் எங்கே போனது என்பதற்கு ஆதாரமாக வைத்திருந்தாராம்.

அடுத்து யார் கட்டுவார்? இதைக் கேட்காமலே பாதிப் பேர் முடிவெடுக்கிறார்கள். மகன்தான் கட்டுவான் என்று தானாகவே நினைத்துக்கொள்கிறார்கள். மகனிடம் கேட்டுப் பாருங்கள். மகளிடமும் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | கம்பெனி சர்வீஸ் | தனி மெக்கானிக் | அப்படியே வைத்திருப்பது | உள்ளபடி விற்பது |
|---|---|---|---|---|
| கையை விட்டுப் போகும் பணம் | மிக அதிகம் | நடுத்தரம் | இன்று எதுவும் இல்லை | இல்லை, வரவு |
| மறைந்த செலவு | பழைய பாகங்கள் மாற்றப்படுவது, காத்திருப்பு | பாகம் அசலா என்ற சந்தேகம் | துரு, ஈரம், காப்பீடு இல்லாமை | வியாபாரியின் லாபம், கமிஷன் |
| அசல் தன்மை | குறையலாம், முன்கூட்டிப் பேச வேண்டும் | மெக்கானிக்கைப் பொறுத்தது | அப்படியே நிற்கும் | வாங்குபவரின் பாடு |
| தண்ணீர் தாங்குமா | சோதித்துத் தருவார்கள் | பலரிடம் சோதனைக் கருவி இல்லை | தாங்காது என்றே வையுங்கள் | பொருந்தாது |
| யாருக்கு ஏற்றது | தினமும் கட்டப்போகும் புதிய தலைமுறை ரோலக்ஸ், ஒமேகா | பொது மெஷின் ரேடோ, டிஸ்ஸாட், பழைய ஒமேகா | யார் கட்டுவது என்று இன்னும் தெரியாத வீடு | யாரும் கட்டப்போவதில்லை, பணம் வேண்டும் |

## கம்பெனி சர்வீஸ்

மாமாவின் வாட்சில் இருப்பது 3135 என்ற மெஷின். 1988-ல் வந்து, அதன் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் ரோலக்ஸின் பெரும்பாலான தேதி மாடல்களில் ஓடியது. உழைப்பாளி மெஷின். ஆனால் எண்ணெய் காய்ந்தும் விடாமல் கட்டினால் அதற்கென்று ஒரு நோய் உண்டு. தானே சாவி ஏற்றும் ரோட்டாரின் அச்சு தேய்ந்து, ரோட்டார் தொங்கி, அடியில் உள்ள தகட்டில் உரச ஆரம்பிக்கும். பின்மூடியைத் திறந்ததும் மெக்கானிக் ஐகிளாஸை என் கண்ணில் பொருத்திக் காட்டினார். வெள்ளி நிறத் தகட்டின் மேல் நகத்தால் கீறியது போல் அரை வட்டக் கோடு, அதன் ஓரத்தில் கருப்பாக நெய்யும் உலோகத் தூளும் குழைந்த மை. 'கையை ஆட்டினால் உள்ளே கரகரங்குது' என்று மாமா நாலு வருஷமாகச் சொன்னது இதைத்தான்.

ரோலக்ஸ் சொல்லும் இடைவெளி சுமார் 10 ஆண்டு. ஒமேகா சொல்வது 5 முதல் 8 ஆண்டு. கார் ஆயிலை மறக்காமல் மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், காரணம் வாட்ச் கடைசிவரை ஓடிக்கொண்டே இருக்கும். நின்ற பிறகு கொண்டுபோனால் எண்ணெய்ச் செலவோடு பாகச் செலவும் சேரும்.

அங்கீகாரம் பெற்ற மையத்தில் கிடைப்பது என்ன? மெஷினை முழுக்கப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, புது வாஷர் போட்டு, அழுத்தத்தில் தண்ணீர்ச் சோதனை செய்து, ரோலக்ஸ் என்றால் 2 ஆண்டு சர்வீஸ் கேரன்டியோடு தருவார்கள். தினமும் கட்டப்போகிறவருக்கு இதற்கு இணை இல்லை.

மறைந்திருக்கும் செலவு எஸ்டிமேட் தாளில்தான் இருக்கும். அதை வரிவரியாகப் படியுங்கள். அதில் 'டயல் மாற்றம்', 'முள் மாற்றம்', 'கேஸ் பாலிஷ்' என்று வரும். கம்பெனியின் நோக்கம் வாட்ச் புதிதாகத் திரும்பிப் போக வேண்டும் என்பது; அவர்கள் பக்கம் அது நியாயம். உங்கள் வாட்ச் 30 வயதானால் அந்தப் புதுமைதான் அதன் விலையையும் முகத்தையும் மாற்றும். மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பத் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பொதுவாகத் தர மாட்டார்கள். பாலிஷ் வேண்டாம், டயலைத் தொட வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுக்கலாம். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் அவர்கள் உரிமை.

வெளியில் யாராவது வைரம் பதித்த பெசல், கலர் டயல் போட்டிருந்தால் கம்பெனி அந்த வாட்சைத் தொடாமலே திருப்பி அனுப்பிவிடலாம். கல்யாணத்துக்காகக் கல் வைத்தவர்கள் கவனிக்கவும்.

## தனி மெக்கானிக்

இந்த வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாரிமுனையிலும் மதுரை, கோவை கடைவீதிகளிலும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து 40 ஆண்டாக ஹேர் ஸ்பிரிங் நிமிர்த்தும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வளைகுடா ரேடோவுக்கு இவர்களே சரி. 1962-ல் வந்த ரேடோ டயாஸ்டார் மாடலின் கடின உலோகக் கேஸ் கீறல் விழாது, ஆனால் கல் தரையில் விழுந்தால் கண்ணாடி விளிம்பு உடையும். மெஷின் மட்டும் ஓவராயில் செய்தால் இன்னும் பத்து வருஷம் ஓடும். மறுவிற்பனை விலை குறைவு என்பதால் அதற்குக் கம்பெனி சர்வீஸ் செலவு கட்டுப்படியாவது அரிது.

மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி போதும். டைம்கிராஃபர் இருக்கிறதா? தண்ணீர்ச் சோதனைக் கருவி இருக்கிறதா? மாற்றும் பாகம் எங்கிருந்து வருகிறது? முதல் இரண்டுக்கு 'இல்லை' என்றாலும் மூன்றாவதற்கு 'வேறொரு பழைய வாட்சிலிருந்து எடுத்தது' என்று நேராகச் சொல்பவரை நான் நம்புவேன். 'ஒரிஜினல்தான் சார்' என்று சட்டென்று வருகிற பதிலைக் கேட்டால் எழுந்துவிடுவேன்.

பாலிஷைப் பற்றி என் சொந்தக் கதை. அப்பாவின் ஒமேகா சீமாஸ்டரை 2009-ல் ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். 'ஃப்ரீயா ஒரு பாலிஷ் போட்டுத் தர்றோம்' என்றார்கள். வாங்க வந்தபோது கண்ணாடி போல் மின்னியது. வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். பின்மூடியில் புடைத்து நின்ற கடல்குதிரை சோப்பில் அழுத்திய அச்சு போல் வழுக்கிக் கிடந்தது. செயின் மாட்டும் நான்கு கொம்புகளின் கத்தி விளிம்பு உருண்டு, கரைந்த கற்கண்டு மாதிரி ஆகிவிட்டது. போன உலோகம் வராது. கீறல் இருந்தால் அது அப்பாவின் கீறல் என்று இருந்திருக்கும்.

## அப்படியே வைத்திருப்பது

காசே ஆகாத வழி போலத் தோன்றும். நான்கில் எனக்கு அதிக பயம் இதில்தான், ஏனென்றால் பெரும்பாலும் இது யாரும் எடுத்த முடிவில்லை, முடிவைத் தள்ளிப்போட்டதன் விளைவு.

நம் கடற்கரை ஊர்களில் பத்து வருஷம் அலமாரியில் கிடக்கும் வாட்சுக்கு என்ன ஆகும்? வாஷர் இறுகி வெடிக்கும். அதன் வழியே ஈரம் போகும். சாவி நுழையும் தண்டில் துரு பிடிக்கும். டயலில் மிளகுத் தூள் தூவியது போல் புள்ளி விழும். தோல் பட்டை பூஞ்சை பிடித்து அந்த ஈரத்தைக் கேஸின் மேலேயே வைத்திருக்கும். மாதம் ஒருமுறை சாவி கொடுத்து ஓடவிட்டால் போதும் என்பார்கள். அது ஓடுகிறதா என்று உங்களுக்குத் தெரிய உதவும். எண்ணெய்க்கு வயதாவதை நிறுத்தாது.

பேங்க் லாக்கரில் வைத்தால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தீ விபத்தோ திருட்டோ ஊழியர் மோசடியோ நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு லாக்கர் வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். அதற்குள் உங்கள் நகையும் அடக்கம். வாட்சுக்கென்று வீட்டுக் காப்பீட்டில் தனியே மதிப்பு எழுதிச் சேர்க்கலாம், அதற்குப் பில்லோ மதிப்பீட்டுச் சான்றோ கேட்பார்கள்.

வைத்திருப்பது சரியான முடிவாகும் நேரமும் உண்டு. பேரன் இன்னும் பத்தாம் வகுப்பு, வாட்ச் அரிய பழைய மாடல், டயல் தொடப்படாதது, இப்போது பணம் தேவையில்லை என்றால் வையுங்கள். தோல் பட்டையைக் கழற்றி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில், ஜெல்லை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி. அத்தோடு உயிலிலோ ஒரு கடிதத்திலோ 'இந்த எண் உள்ள வாட்ச் இன்னாருக்கு' என்று எழுதுங்கள். ஒரு வீட்டையாவது பாகம் பிரிக்கலாம். ஒரு வாட்சை இரண்டு அண்ணன் தம்பி பிரித்துக்கொள்ள முடியாது.

## விற்பது

இப்போது அந்தக் கணக்கு. கணக்குக்காக வைத்த எண்கள் இவை, சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாமாவின் வாட்சை உள்ளபடி ஒரு வியாபாரி 4,00,000-க்குக் கேட்கிறார். கம்பெனி சர்வீஸ் எஸ்டிமேட் 90,000. சர்வீஸ் செய்த பிறகு அதே வியாபாரி 4,50,000 தருவார். போட்டது 90,000, கூடியது 50,000. இடையில் இரண்டு மூன்று மாதக் காத்திருப்பு வேறு. ஏன் முழுவதும் திரும்பவில்லை? வியாபாரிக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது, அவருக்கு அதே வேலை பாதிச் செலவில் முடியும். அவர் உங்களுக்குக் கழிப்பது *தன்* செலவை, நீங்கள் கட்டியது கம்பெனி பில்லை. புது டயல் போட்டுவிட்டீர்களென்றால் கூடுவதற்குப் பதில் குறையவும் செய்யும்.

விதிவிலக்கு உண்டு. தண்ணீர் உள்ளே போயிருந்தால் உடனே திறந்து உலர்த்த வேண்டும், விற்பதாக இருந்தாலும். ஒவ்வொரு நாளும் விலை துருவாக உதிரும்.

எங்கே விற்பது? அடகுக் கடையிலும் நகைக் கடையிலும் தராசைத்தான் எடுப்பார்கள். ஸ்டீல் கலந்த வாட்சில் தங்கத்தின் எடை விலை மொத்த மதிப்பில் ஒரு துண்டுதான். அங்கே போக வேண்டாம். பழைய ஆடம்பர வாட்ச் வியாபாரிகள் அன்றே பணம் தருவார்கள், அதற்கு விலையில் கழிப்பார்கள். கமிஷனுக்கு விற்றுத் தருபவர்களிடம் விலை கூடக் கிடைக்கும், மாதக்கணக்கில் காத்திருக்கலாம். அந்த நாட்களில் வாட்சுக்குக் காப்பீடு யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். நேரடியாகச் சேகரிப்பாளருக்கு விற்றால் விலை மேல், தலைவலியும் மேல். இணையத்தில் பார்க்கும் விலை கேட்கும் விலைதான், கை மாறிய விலை வேறு. 2022 தொடக்கத்தில் பழைய ரோலக்ஸ் விலைகள் உச்சிக்குப் போய் இறங்கின. அந்த உச்சியை நினைவில் வைத்து இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏற்றம் பெரும்பாலும் ஸ்டீல் ஸ்போர்ட்ஸ் மாடல்களுக்கு வந்தது. மாமாவின் இரட்டை நிற டேட்ஜஸ்ட் அந்த வரிசையில் முன்னால் நிற்பது இல்லை.

'கட்டின ஆளுக்காக விலை கூடாதா?' என்பது மாமாவின் அடுத்த கேள்வி. கூடும், ஆளைப் பொறுத்து. நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1.78 கோடி டாலருக்குப் போனது. அதன் பின்மூடியில் 'கவனமாக ஓட்டு, நான்' என்று மனைவி வெட்டிக் கொடுத்த வரி இருந்தது. மாமாவின் பின்மூடியில் கப்பல் பெயரும் 1994-ம் வெட்டியிருக்கிறது. வியாபாரி அதைப் பார்த்து விலையைக் குறைத்தார்.

வரி விஷயத்தில் இரண்டு. சொந்தப் பயன்பாட்டில் இருந்த அசையும் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி வராது, ஆனால் நகைக்கு அந்தச் சலுகை இல்லை. விலையுயர்ந்த உலோகத்தில் செய்த அணிகலன் நகையாகக் கருதப்படும். அதனால் முழுத் தங்க வாட்ச் விற்பவர் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு விற்கவும். ஸ்டீல் வாட்சுக்கு அந்தக் கவலை குறைவு. இரண்டாவது, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவர் மேல் அதே தொகைக்கு விழும். 'கேஷ்னா 20,000 கூடத் தரேன்' என்பவரிடம் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள், போய்விடுவார்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து அங்கே விற்கலாம், சர்வீஸ் செய்யலாம் என்று நினைப்பவர்கள், வாட்ச் திரும்பி வரும்போது சுங்கத்தில் கேள்வி வரும் என்பதை நினைவில் வையுங்கள். கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது வாதம் இல்லை.

## மாமா என்ன செய்தார்

டொரான்டோவில் இருக்கும் மகனுக்குத்தான் என்று முடிவே செய்திருந்தார். அவனோ வீடியோ காலில் கையை உயர்த்தி, 'அப்பா, எனக்கு இதயத்துடிப்பு காட்டுற வாட்ச்தான் வேணும்' என்றான். அதன் பிறகுதான் விற்பனைப் பேச்சு வந்தது. கோவையில் மகளிடம் யாரும் கேட்கவே இல்லை. 36 மில்லிமீட்டர் இன்று பெண்கள் கையில் நன்றாகவே பொருந்துகிற அளவு என்று நான் சொன்னபோது மாமா நம்பவில்லை, "அது ஆம்பளை வாட்சுல்லா" என்றார். மகள் அந்த வாரமே தூத்துக்குடி வந்து கட்டிப் பார்த்தாள். அப்புறம் கழற்றவில்லை.

தினமும் கட்டப்போகிறாள், மெஷினுக்கு ரோலக்ஸ் பாகம் வேண்டும், ரோட்டார் அச்சு போயிருக்கிறது. ஆகவே கம்பெனி சர்வீஸ். எஸ்டிமேட்டில் பாலிஷையும் டயல் மாற்றத்தையும் அடித்துவிட்டு மற்றவற்றுக்குக் கையெழுத்துப் போட்டார் மாமா. ட்ரிட்டியம் டயல் ஒளிராது என்று அவர்கள் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பத்து வாரம் ஆனது. திரும்பி வந்தபோது வீச்சு 285 டிகிரி, பின்மூடியில் கப்பல் பெயர் அப்படியே, செயின் மட்டும் பழையபடி தொங்கலாகத்தான் இருந்தது. ஜூபிலி செயினின் ஊசிகள் தேய்ந்தால் அப்படித்தான். அதை இறுக்க வேறு செலவு, அதை மகள் வேண்டாம் என்றுவிட்டாள்.

அவள் கை மெல்லிசு. நான்கு லிங்க் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிய லிங்க்குகளைக் கேரன்டி அட்டையோடு அதே பெட்டியில் போட்டு வை, லிங்க் குறைந்த செயினுக்கு நாளைக்கு விலை குறையும் என்று சொன்னேன்.

"இன்னும் விக்கிற பேச்சுதானால உனக்கு?" என்றார் மாமா. அத்தை லிங்க்குகளை வாங்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, அட்டையோடு புடவை பீரோவில் வைத்துப் பூட்டினார்.